இடப்பக்கம் ஒதுங்கும் விமானம்

“இன்னிக்காவது சீக்கிரம் முடிச்சிடணும்பா. வீட்டுல காத்திருப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே மெர்ல் காரிலிருந்து இறங்கினார்.

ஏழு சனிக்கிழமையாக இதையே சொல்கிறார். வெண்டல் சிரித்தபடி காபியை நீட்டினார்.

ஒன்பது வருஷமாக வெண்டல் தன் கையாலேயே கட்டிய விமானம் அது. எல்லாம் ஒழுங்கு, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் மட்டும் அடம்பிடித்தது. நேர் வடக்கே போகச் சொன்னால் இடப்பக்கம் ஒதுங்கும். அறுபது மைல் தள்ளியிருந்து வந்து, மெக்கானிக் மெர்ல் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தாயிற்று.

கோளாறு எங்கே என்று வெண்டலுக்குத் தெரியும். இடது இறக்கை முனையில், காந்தத்தால் திசை அறியும் சென்சாரை மூடிய தகட்டில், பித்தளைத் திருகுக்குப் பதில் ஒரு இரும்புத் திருகு. முதலில் தெரியாமல்தான் போட்டார். இரண்டாம் வாரமே கண்டுபிடித்தும் மாற்றவில்லை.

சரியாகிவிட்டால் மெர்ல் எதற்கு வருவார்? வெண்டலின் மனைவி இறந்தபின், விமானம் நிற்கும் அந்த ஷெட்டுக்குள் வந்து பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஆனாலும் குடும்பம் குட்டி உள்ள ஆளை வாராவாரம் இப்படி இழுத்தடிப்பது பாவமாகப் பட்டது. இன்று காலையிலேயே பித்தளைத் திருகை மாட்டிவிட்டார். இதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று நினைத்தபோது காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

“கிளம்பறதுக்கு முன்னாடி இறக்கையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போய்க் கப்பைக் கழுவு, ஈ மொய்க்குது” என்றார் மெர்ல்.

மூவாயிரம் அடி உயரத்தில் வெண்டல் ஆட்டோபைலட் பொத்தானை அமுக்கினார். விமானம் சாவகாசமாக இடப்பக்கம் ஒதுங்கியது.

வெண்டலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இருக்காதே. காலையிலதான நான்…” சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மெர்ல் கீழே சோளக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து, வெண்டலின் உள்ளங்கையில் வைத்தார். காலையில் மாட்டிய அதே பித்தளைத் திருகு.

“நீ கப் கழுவப் போனப்ப பழையபடி இரும்புத் திருகையே மாட்டிட்டேன்” என்றார் மெர்ல்.

“ஏன்பா? உன் வீட்டுல காத்திருப்பாங்களே?”

“யாருமில்ல, வெண்டல்.”