பூப்போட்ட விரலுறை

“இந்தக் கூடையை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க மேடம்? அந்தப் பேரைச் சொல்லிட்டு அடுத்த முடிச்சைப் போடுங்க.”

கேட்டே விட்டாள் ஷைலா. காலையில் திருநின்றவூரில் ரயிலுக்கு நிற்கும்போதுகூட, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சத்தியம் வாங்கப் பார்த்தாள். ஷைலா சத்தியம் பண்ணவில்லை.

பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை கைவினைச் சந்தை. ஒரு பக்கம் சோப்பு, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, நடுவில் பாய் விரித்து ஒயர் கூடை வகுப்பு. இருபது பெண்கள், இருபது அரைக் கூடைகள்.

நாற்காலியில் ரோஷினி. வாரநாளில் ஐடி வேலை, சனி ஞாயிறில் கூடை. வாசல் பேனரில் அவள் படம்தான். கீழே ‘கூடைக் கலைஞர்’ என்று இருந்தது.

நாற்காலிக்குப் பின்னால், தரையில், ஷைலாவின் அம்மா ஹில்டா.

யாருக்கு அடி கோணினாலும் அந்தக் கூடை ஓசைப்படாமல் பின்னால் போகும். நேராகி முன்னால் வரும். ரோஷினி அதை உயர்த்திக் காட்டுவாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

ரோஷினிக்கு முதல் முடிச்சிலிருந்து சிவன் கண் பின்னல் வரை சொல்லிக்கொடுத்தது ஹில்டா. போன வருஷம் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனவள்தான் இந்த ரோஷினி. வேதக்காரி சிவன் கண் போடுகிறாள், டிகிரிக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள் என்று தெருவில் அப்போது ஒரே கிண்டல்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது ஹில்டாவின் கட்டளை. பேர் வந்தால் ஆளைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்த்தால் கையைப் பார்ப்பார்கள் என்பாள்.

பார்த்தால் பார்க்கட்டுமே என்பது ஷைலாவின் கட்சி. அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். பின்னால் உட்காருவது அவளுக்கு ஆகாது. சர்ச் ஹாலில் கூடை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று ஃபாதர் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ஹில்டா பிடிகொடுக்கவில்லை. இருபது பேர் முன்னால் கையை நீட்ட முடியாது என்று ஒரே பிடிவாதம்.

ஷைலாவின் கேள்விக்கு ரோஷினி சிரித்தாள். கோபப்படவில்லை. இந்த மாதிரி அக்காக்கள் நிறையப் பேர் உதவியிருக்கிறார்கள், எல்லோருக்கும் நன்றி என்றாள். பேர் வரவில்லை.

ஷைலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு தொடர்ந்தது. ரோஷினி வகுப்புக்கு வகுப்பு சொல்லும் ரகசியம் ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலை மடக்கக்கூடாது; அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கட்டை விரலாலும் நடுவிரலாலும் ஒயரை இழுக்க வேண்டும். அதற்காகவே, கொடுத்த பையில் ஒயர், கத்தரிக்கோலோடு பூப்போட்ட ஒரு துணி உறையும் இருந்தது. ஹில்டாவின் விரலில் இருப்பது பழைய ரவிக்கைத் துணி. இது நல்ல அச்சுத் துணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது பேரும் மாட்டியிருந்தார்கள். டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற பிள்ளைகள் மாதிரி இருபது விரல்கள் நிமிர்ந்து நின்றன.

முன் வரிசையில் பானுப்பிரியா என்று ஒரு பெண். மாசமாக இருந்தாள். விரல் மரத்துப்போய் முழங்கை வரைக்கும் வலிக்கிறது, கொஞ்சம் மடக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

மடக்கினால் முடிச்சு தொய்ந்துவிடும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றாள் ரோஷினி.

பானுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி விரலைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து ஹில்டா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். வலது கை உறையை உருவிப் பாயில் போட்டாள்.

உறை நிமிர்ந்தே கிடந்தது. உள்ளே பஞ்சு அடைத்திருந்தது.

“வெரலு கீறவங்க இன்னாத்துக்கும்மா தூக்கிகினு கீறீங்க? நல்லா மடக்கிப் புடிங்க. எனக்குப் பாதிய மிஷினு எடுத்துகிச்சு, உறை மடங்காது, நான் தூக்கறேன். உங்களுக்கு இன்னா வந்துச்சு?”

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிரஸ் மிஷினில் போனது. அப்போது ஷைலாவுக்கு ஒன்றரை வயது.

முதலில் பானுப்பிரியாதான் உறையைக் கழற்றினாள். விரலை மடக்கி ஒயரை இழுத்தாள். முடிச்சு கல்லு மாதிரி உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்தவள், அதற்கடுத்தவள்.

ரோஷினி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். அந்த உறை ஒயர் அறுக்காமல் இருக்கத்தான் என்று நினைத்திருப்பாள். கேட்டதில்லை.

ஹில்டா அதற்குள் பானுப்பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ஒயரை அளந்துகொண்டிருந்தாள். பாதி விரல் எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தது. ஒரு பெண் அக்கா என்று கூப்பிட்டுத் தன் கூடையை நீட்டினாள்.

ரோஷினி பேரைச் சொல்வாள் என்று ஷைலா காத்திருக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார், வெளியே போகிற நேரம் எழுதச் சொல்லி. எழுதினாள். அவள் பேனா பிடிப்பதை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கட்டை விரலும் நடுவிரலும் பேனாவைப் பிடித்திருக்க, ஆள்காட்டி விரல் தனியாக நிமிர்ந்து நின்றது.

சிலேட்டில் கையைப் பிடித்து எழுத வைத்த அம்மா பிடித்த பிடி. பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர்கள்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், மாறவில்லை.

சர்ச் ஹாலில் சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு, டீச்சர் ஹில்டா என்று நோட்டீஸ் எழுதித் தருவதாக ஃபாதரிடம் நேற்றே சொல்லியாகிவிட்டது. கையாலேயே எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தாள்.