முத்துவல்லியின் தாள்

“எல்லாம் கிடைச்சிட்டு சேர். முத்துவல்லிட தாள் மட்டும்தான் இல்ல,” என்றாள் பரீதா.

ஞானசேகரம் மாஸ்டர் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

பரீதா கிண்ணியா ஊர்ப் பிள்ளை. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. சண்டை நின்று பாதை திறந்திருக்கிற இந்த நேரத்திலேயே மாஸ்டருடைய நாடகக் கடதாசிகளைப் பெட்டிகளில் அடுக்கி, பத்திரமான இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதுவும் சரிதான். இந்தச் சமாதானத்தை நம்பி இங்கே யார் அடுப்பு மூட்டுகிறார்கள்?

துறைமுகத்தைப் பார்த்த முன்னறை முழுவதும் கடதாசி. நாடக நோட்டீசுகள், வேஷம் கட்டிய படங்கள், மெட்டுக் குறித்த துண்டுகள். கதிரையில் இருக்க இடமில்லை.

மாஸ்டர் எழுதியதிலேயே பெரியது முத்துவல்லி இசை நாடகம். எழுதியதும் அவர், மெட்டுக் கட்டியதும் அவர், பழக்கியதும் அவர். பாவம், அது மேடையைக் காணவேயில்லை. தொண்ணூறாம் ஆண்டு பழைய வீடு எரிந்தபோது முழுக் கொப்பியும் அதோடு போயிற்று.

ஆனால் மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முழுக் கொப்பியை எவனுக்கும் கொடுக்கமாட்டார். கொடுத்தால் ஒத்திகை முடிய முன்னரே கதையை ஊருக்கெல்லாம் அவிழ்த்துவிடுவான்கள் என்பார். நடிகனுக்கு அவனவன் பேசுவதும் பாடுவதும் மட்டும் தனித் தாளில் கிடைக்கும். தலைப்பு இருக்காது. பாத்திரத்தின் பேர் இருக்காது. மற்றவன் பேச்சும் இருக்காது. கடதாசித் தட்டுப்பாடான காலம், தேவையில்லாத ஒரு சொல்லை அந்த மனுசன் எழுதமாட்டார்.

அந்தத் தாள்களைத்தான் பரீதா வீடு வீடாகப் போய்ச் சேர்த்திருந்தாள். அரசனுடைய தாள் தோப்பூரில், அந்த வேஷத்துக்குப் பழகிய அபூதாஹிரின் அலுமாரியில் கிடந்தது. மந்திரியின் தாளில் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. எல்லாம் வந்தன, இளவரசி முத்துவல்லியின் தாளைத் தவிர.

அந்த வேஷம் தவராசாவுக்கு. கப்பல்துறைப் பொடியன், தையல்கடையில் வேலை. அவன் குரலெடுத்தால் பெண்பிள்ளைகளே வெட்கப்படுவார்கள். ஒத்திகைக்கு வந்த வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். பிறகு எல்லாரையும் ஏற்றினார்கள், அவனை மட்டும் விட்டுவிட்டு. பதின்மூன்று வருடமாக ஆளுமில்லை, ஒரு செய்தியுமில்லை.

அவனுடைய தாய் புஸ்பராணி இப்போது வாசலோரம் இருந்தாள். பெட்டி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஏன் அவனை மட்டும் மறித்தார்கள் என்று அவள் கேட்காத முகாம் இல்லை, கேட்காத பெரிய மனிதர் இல்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“நீங்கதானே சேர் எழுதின. அந்தப் பகுதிய மட்டும் திரும்ப எழுதித் தாங்களேன். இல்லாட்டி நாடகம் பொத்தலாத்தான் பெட்டிக்குள்ள போகும்,” என்றாள் பரீதா.

“மறந்துபோச்சு பிள்ளை. வயசு போயிட்டுது.”

பச்சைப் பொய். முகம் கழுவும்போதும் அந்த வசனம்தான், தேத்தண்ணி ஆறும்போதும் அந்த வசனம்தான். ஒரு சொல்லை மறக்க முடிந்திருந்தால் மனுசன் இரவில் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பார்.

“எழுதுங்கோ மாஸ்டர்,” என்றாள் புஸ்பராணி. “அண்டைக்கும் அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டுதான் போனவன். பஸ்ஸில பாடமாக்கலாம் எண்டவன். என்ர பிள்ளை கடைசியாப் படிச்சது என்னெண்டு நானும் ஒருக்காப் பாக்கோணும்.”

மாஸ்டர் ஏலாது என்று சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் வரவில்லை.

பேனையை எடுத்தார். ஒரு இடத்திலும் நிற்காமல், யோசிக்காமல் எழுதினார். பழைய வழக்கப்படி தலைப்பு இல்லை, பேர் இல்லை. தாளைப் பரீதா நீட்டிய கையில் கொடுக்காமல், எழும்பிப் போய்த் தாயிடம் கொடுத்தார்.

புஸ்பராணி எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

“விடியமுன் துறைமுக வாசலைத் திறந்து வைப்பேன். விளக்கு அணைந்ததும் படகுகளோடு வாருங்கள். காவலுக்கு இரண்டே பேர். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

இளவரசி தன் காதலனுக்குச் சொல்கிற வசனம். அடுத்தது பாட்டு. அவள் பாட்டுக்குப் போகவில்லை.

பரீதாவின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது.

புஸ்பராணி அந்த வரிகளைச் சத்தமில்லாமல் இன்னொரு முறை வாசித்தாள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த எவனோ ஒருவன் அன்று அந்தச் சாவடியில் நின்றிருக்கிறான். பதின்மூன்று வருடமாக அவள் கேட்ட கேள்விக்கு விடை அவளுடைய மடியிலேயே கிடந்தது.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அவள் மண்ணள்ளித் திட்டியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் திட்டவில்லை. எழுந்து வந்து தாளை மேசையில் வைத்தாள். மடங்கியிருந்த மூலையைக் கையால் தடவி நிமிர்த்தினாள். மூடி வைத்த பேனையை அவர் பக்கம் தள்ளினாள்.

“மேல ‘நாடகம்’ எண்டு எழுதுங்கோ மாஸ்டர்,” என்றாள். “ஆர் எடுத்துப் பாத்தாலும் முதல் அதுதான் தெரியோணும். பெரிசா எழுதுங்கோ.”