பொடுகு போகணும், சாயம் நிற்கணும்

“தாழ்ப்பாள் போட்டாச்சா?”

“போட்டாச்சு. தலையக் குனி நைனா,” என்றார் கபாலி.

ஞானச்சுடர் கங்காதர ஐயா வாஷ்பேசின் மேல் தலையைக் குனிந்தார். அகவை எழுபத்திரண்டு என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டப்பட்ட தலை அது. இந்த வயதில் இப்படி ஒரு முடியா என்று மயிலாப்பூர் மாமிகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிற தலை. அது சாயம் என்பது உலகத்தில் கபாலி ஒருவருக்குத்தான் தெரியும்.

பாண்டி பஜாருக்குப் பின்னால், மாடியில் இருந்த கபாலியின் சலூன் அன்று மற்றவர்களுக்கு மூடியிருந்தது. வெளியே படிக்கட்டில் சீடர் ஸ்ரீகிருஷ்ணா காவல். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ஐயாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். உள்ளே ஐயாவுக்குத் தைலக் காப்பு நடப்பதாக அவர் பக்தியோடு நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்துகொண்டிருந்தது பொடுகு வைத்தியம்.

மாலையில் மயிலாப்பூர் சபாவில் ஐயாவுக்கு ‘முதுபெரும் ஞானி’ விருது. விருது பெறுபவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவது அந்தச் சபாவின் வழக்கம். கட்டப்போகிறவர் செயலாளர் ஸ்ரீவத்சன். அவருக்கே எழுபது ஆகிறது. விருது தனக்குத்தான் என்று இருந்தவரை, “ஐயா இருக்கறச்சே நீர் சின்னப் பையன் ஓய்” என்று கமிட்டி உட்கார வைத்துவிட்டது. அன்றிலிருந்து ஐயாவின் உச்சந்தலையை அவர் பார்க்கும் பார்வையே சரியில்லை.

“பொடுகு கொட்டினா என்னன்னு குனிஞ்சு பார்ப்பான். குனிஞ்சா வேரைப் பார்ப்பான். வேர்ல சாயம் விட்டிருந்தா சபை முன்னாடி மைக்லயே சொல்லிடுவான். அதோட சொற்பொழிவு, சீடர்கள், எல்லாம் கோவிந்தா!” என்றார் ஐயா. மேடையில் ‘யாம்’ என்று மட்டுமே பேசுபவர். அரிப்பில் அது உதிர்ந்துவிட்டிருந்தது.

கபாலி மருந்து ஷாம்பூவை எடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் ஐயா பாட்டிலைப் பிடுங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மளமளவென்று படித்துவிட்டார்.

“சாயம் போட்ட முடியில் நிறம் மாறலாம்னு போட்டிருக்கே!”

“தல முழுக்க ஊத்தினா மாறும். நான் முடிய ஒதுக்கி, வகுடு வகுடா எடுத்து தோல்ல மட்டும் தடவுறேன். முடிக்கு கண்டிஷனர் பூசிக்கீறேன். மருந்து அத்தத் தொடாது.”

“தொட்டுட்டா?”

“தொட்டா இன்னா, சபாவுக்கு லீவு சொல்லிடு.”

பஞ்சை மருந்தில் நனைத்துக் கபாலி வகிடுகளில் ஒற்ற ஆரம்பித்தார். ஐயா மூச்சுவிடவும் பயந்தார். அப்போது கதவு தட்டப்பட்டது.

“ஐயா! ஸ்ரீவத்சன் போன் பண்ணினார். தானே கார் எடுத்துண்டு உங்களை அழைச்சுண்டு போக வராராம். பனகல் பார்க் தாண்டிட்டாராம்!”

ஐயாவின் குரல் சட்டென்று மேடை ஏறியது. “ஆகட்டும் ஸ்ரீகிருஷ்ணா. யாம் மௌனத்தில் இருக்கிறோம்.”

“உத்தரவு ஐயா!” என்றது வெளிக்குரல், துளிச் சந்தேகமும் இல்லாமல்.

“கழுவு, கழுவு, சீக்கிரம்!” என்றார் ஐயா, மேடையிலிருந்து இறங்கி.

“இரு நைனா. மருந்து ஊறணும். மாசத்துக்கு ரெண்டு வாட்டி சாயத்தப் போட்டுக்கினு கீற. மண்டத் தோலு இன்னாதான் செய்யும்? இப்பவே கழுவினா பொடுகும் அப்டியே நிக்கும்.”

கீழே ஹாரன் ஒலித்தது. கபாலி அசையவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயைத் திறந்தார். சுடுதண்ணீர் இல்லை, பச்சைத் தண்ணீர். நுரையோடு பேசினில் மெல்லிய நீலக் கோடு ஒன்று இறங்கி ஓடியது.

“போச்சு! சாயம் போவுது! அண்ணே, எப்படியாவது காப்பாத்துங்கண்ணே!”

உயிர் பயம் வந்தால், யார் பெரியவர், யார் சின்னவர் என்பதெல்லாம் ஞானிகளுக்கும் மறந்துவிடும் போலிருக்கிறது.

“ஐயா ரெடியா? தைலக் காப்பு எப்படிப் பண்றான்னு பார்க்க எனக்கும் ரொம்ப நாளா ஆசை. செத்த உள்ள வரலாமோன்னோ?” ஸ்ரீவத்சனின் குரலில் ஆசையைவிட ஆத்திரம்தான் கனத்திருந்தது. தாழ்ப்பாள் ஒருமுறை கடகடத்தது.

“இரு சார்! சாமி வேட்டி மாத்திக்கினு கீது!” என்று கபாலி உள்ளிருந்தே கத்தினார்.

துண்டால் ஒற்றி, டிரையரை ஓட்டினார். பிறகு கைப்பேசியின் வெளிச்சத்தை அடித்து, சீப்பின் நுனியால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உச்சி, பிடரி, காதோரம். பொடுகு ஒரு துளி இல்லை. ஆனாலும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை. காதோரத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

தாழ்ப்பாள் மறுபடி கடகடத்தது.

கபாலி வெளிச்சத்தை அணைத்தார். ஐயாவின் காதருகே குனிந்து, வெளியே கேட்காத குரலில் சொன்னார்:

“வேர்ல எங்கியும் கறுப்பு தெரில தம்பி, தெகிரியமா போய் கெழவனா குந்து.”