மேட்டில் அணையாத கார்

மாதங்கி கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். சரிவு மேட்டின் நடுவே கார் நின்றிருந்தது. ஒரு சாண் பின்னால் உருண்டாலும், எஞ்சின் அணைந்தாலும் லைசென்ஸ் கிடையாது. பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இதே மேட்டில் இதே கார் அவளை இரண்டு முறை டெஸ்டில் கவிழ்த்திருக்கிறது.

கணவன் தயாளனுக்கு ரேஸ் பித்து. எஞ்சினின் காற்றுப் பாதைகளைக் குடைந்து அகலமாக்கி, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக மாட்டியிருந்தான். பைபாஸில் கார் உறுமிக்கொண்டு பறக்கும். ஊருக்குள் மெதுவாகப் போனாலோ காற்று சோம்பும், பெட்ரோல் கூடுதலாகக் கொட்டும், வண்டி விக்கி விக்கி அணையும்.

"காரைக் குறை சொல்லாத மாது, உன் கால்தான் சரியில்ல" என்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்று கார் ஒரு விக்கல்கூட இல்லாமல் மேடேறியது.

"பாஸ்மா! அடுத்த வண்டி வரலாம்" என்றபடி இறங்கினார் இன்ஸ்பெக்டர்.

வேலியோரம் நின்ற தயாளன் ஓடிவந்து ஏறிக்கொண்டான். "பாத்தியா? கால் பழகிடுச்சு!"

"வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடுங்க. இன்னிக்கு நான்தான் டிரைவர்."

பைபாஸ் வந்ததும் ஆசையாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கார் சாதுவாக ஓடியது.

"ஏங்க, உங்க உறுமலையே காணோம்?"

தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ உங்கம்மா வீட்டுல இருந்த நாலு நாள்ல, குடையாத பழைய எஞ்சின் ஹெட்டு, சின்ன இன்ஜெக்டர் எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டேன். உன் கால்ல என்னிக்குமே குறை இல்ல, மாது."