யாரிடமிருந்து வந்த பாட்டு

யாழின் கடைசித் தந்தியை முறுக்கிக்கொண்டே தலை நிமிர்ந்தாள் ஃபிடெல்மா. மூன்றாவது வரிசையில் ஃபெஸ்டி மேனியன் உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று தந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

புத்தாண்டு முடிந்த கையோடு கிளம்பி, ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து என்று ஐந்து மாதம் பாடிவிட்டு நேற்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்குகளில் வராத நடுக்கம், நூறு நாற்காலிகூட இல்லாத இந்தச் சர்ச் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்த சொந்த ஜனங்களுக்கு முன்னால் வந்தது.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. எங்கே போனாலும் அவள் கடைசியாகப் பாடுகிற பாட்டு, அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு, ஃபெஸ்டியுடையது. கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனை நினைத்துத் தங்கை பாடுவது. அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாக இருக்கிறது. ஒரு சந்தை நாளில் மதுக்கடை மூலையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடியதை, பக்கத்து மேசையில் இருந்த ஃபிடெல்மா காதாலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் வட்டாரமான கானமாராவில் யார் பாட எழுந்தாலும், இது இன்னாரிடமிருந்து எனக்கு வந்த பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். முட்டக் குடித்தவன்கூட அதை மறக்க மாட்டான். பாட்டுக்கு உரியவர் அறையில் இருந்தாலோ, அதை வேறு யாரும் தொடவே மாட்டார்கள்.

ஃபிடெல்மாவின் இசைத்தட்டு உறையில் அந்தப் பாட்டுக்கு எதிரே 'மரபுப் பாடல்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. பெயர் போட இடம் இல்லையா என்ன? யாழைச் செய்தவர், படம் எடுத்தவர், அவளுக்குத் தலைவாரி விட்டவள்வரை எல்லோர் பெயரும் அதே உறையில் இருந்தது. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று தனக்கே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவளாலேயே அதை நம்ப முடியவில்லை.

சற்று முன் வாசலில் நலம் விசாரித்தபோது ஃபெஸ்டி வாயே திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு ஒன்றும் குறைவில்லை. கடைசியான ஏழாவதற்கு முன்னால் சரியாக இருந்த தந்தியையே மறுபடி முறுக்கினாள்.

"டியூன் பண்ணியே எங்க ஆயுசுல பாதி போயிடும்போல. அந்தக் கடல் பாட்டை எடு, கண்ணு. அங்க வீட்ல கறி கருகுது" என்று பின்வரிசையிலிருந்து தபால்காரர் மலக்கி குரல் கொடுத்தார். மண்டபமே சிரித்தது.

ஃபெஸ்டியை உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்கிறாரே, இந்த மனுஷனுக்கு விவஸ்தை இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இதற்கு மேலும் தந்திக்குப் பின்னால் ஒளிய முடியாது.

"அந்தப் பாட்டு என்னோடது இல்ல" என்றாள். "ஃபெஸ்டியோடது. அவரைக் கேக்காம எடுத்துட்டேன். ரெண்டு வருஷமா எந்த மேடையிலயும் அவர் பேரைச் சொல்லல. தப்புதான். ஃபெஸ்டி, நீங்க வந்து பாடுங்க. இனிமே தொடாதேன்னு சொன்னீங்கன்னா, இதை நான் எங்கயும் பாட மாட்டேன்."



ஃபெஸ்டி எழுந்தார். மனைவி அட்ராக்டா கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகாகப் பிடித்துப் பிடித்து வந்தார். வேண்டுமென்றே மெதுவாக வருகிறார், ஊர் முன்னால் என்னை நன்றாக நெளிய விடுகிறார் என்று ஃபிடெல்மா நினைத்தாள். நெளியவும் செய்தாள்.

யாழுக்குப் பக்கத்தில் வந்து நின்று சபையைப் பார்த்தார்.

"இந்தப் பாட்டு... எனக்கு... ஃபிடெல்மாகிட்டேருந்து... வந்தது."

அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாலு பேர் முன்னால் இதைவிட அழகாக ஒருத்தியின் மானத்தை வாங்க முடியாது.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மலக்கி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

பின்னாலேயே வந்துவிட்ட அட்ராக்டா அவள் தோளைத் தொட்டாள்.

"குத்திக் காட்டலம்மா. உள்ளதைத்தான் சொல்றாரு. ஜனவரியில ஸ்ட்ரோக் வந்துச்சு. நீ ஊர்ல இல்ல, உனக்கு எப்படித் தெரியும். பேச்சு போச்சு. அவருக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாக்கியில்லாம போச்சு. தினம் காலையில உன் தட்டைத்தான் போட்டு விடுவேன். மூணு மாசம் சும்மா கேட்டுக்கிட்டே இருந்தாரு. முதல்ல திரும்பி வந்தது இந்தப் பாட்டுதான். என் பேரே அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

இத்தனை மாதமாக எவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தாளோ, அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை அவள் பக்கம் நீட்டினார். பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

யாழை விட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பாட ஆரம்பித்துவிட்டார்.