நாலு சிவப்புப் பொட்டு

உயிரின் விலை இன்றைக்கு ஒரு பொட்டுச் சிவப்பு மருந்து, பேரம் கிடையாது. ஆடலூரில் மண் சரிந்து காப்பித் தோட்டத்து வீடுகள் புதைந்த மத்தியானம், பள்ளிக்கூட வராந்தாவில் இருபத்திரண்டு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். தகரக் கூரையில் மழை இரைகிறது. ஜீப்பில் நாலு பேருக்குத்தான் இடம். பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் பிழைக்கக்கூடிய நாலு பேர் நெற்றியில் மட்டும் நர்ஸ் சவரியம்மாள் பஞ்சால் மருந்து தொட்டு வைத்திருக்கிறாள். ஏற்றப்போகையில் பார்த்தால் ஐந்து நெற்றி சிவந்திருக்கிறது. ஐந்தாவது ஆள் நாச்சிமுத்து. நெஞ்சு நசுங்கியவன்; மலை இறங்கும் வரை தாங்கமாட்டான் என்று அவள் தாண்டிப்போனவன். தொட்டுப் பார்க்கிறாள். ஈரத்தில் குழைந்த குங்குமம். "நாந்தான் வச்சேன் நர்ஸம்மா," என்கிறாள் அவன் மனைவி வடிவு. அவள் நெற்றி வெறுமையாக இருக்கிறது. "ஒங்க செவப்பு வண்டி ஏறும், எஞ்செவப்பு ஏறாதோ?" டிரைவர் சேக் பரீது கத்துகிறான்: "வெரசா சொல்லுங்க சிஸ்டர், பாதை சரிஞ்சுக்கிட்டே கெடக்கு!" சவரியம்மாள் ஈரப் பஞ்சால் அந்தக் குங்குமத்தைத் துடைக்கிறாள், அழுத்தித் துடைக்க வேண்டியிருக்கிறது. ஜீப் வளைவில் மறைகிறது. வைத்த பொட்டு நாலு, போன ஆள் நாலு, கணக்கில் இம்மி பிசகில்லை. நாச்சிமுத்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.