செருப்புக்குக் காவல்

"என்ன, இன்னிக்கும் செருப்புக்குக் காவலா?"

மூத்தவள் கேட்டதும் பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இளையவள் நின்ற இடம் அப்படி. கூடத்தின் இடது ஓரம், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வரிசையாக விடுகிற மூலை.

"இல்லக்கா, அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். ஆரம்பிச்ச இடத்துல முடிக்கத் தெரியல. உனக்கெல்லாம் கறுப்பு பெல்ட் ஒண்ணுதான் கேடு!"

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடித்தனம். பிள்ளைகளை டேக்வாண்டோவில் சேர்க்க வந்தவர்கள் தாங்களும் சேர்ந்தார்கள். பிள்ளைகள் பாதியில் ஓடிப்போன பிறகும் இவர்கள் விடவில்லை. மூத்தவள் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. இளையவள் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பவள், ஓரகத்தி முன்னால் மட்டும் தன் வாயைத் திறப்பதில்லை.

கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு 'கோரியோ' என்கிற பூம்சேயைச் செய்துகாட்ட வேண்டும். எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பும் குத்தும் உதையுமாகப் போகிற ஒரு வரிசை. எந்தப் பக்கம் திரும்பினாலும், எவ்வளவு உதைத்தாலும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாக வேண்டும். கூடம் சின்னது என்பதால் ஜோடி ஜோடியாகத்தான் பழகுவார்கள். இளையவளுக்கு மூத்தவளின் இடப்பக்கம். நடுவில் ஆரம்பிப்பாள், மூலையில் முடிப்பாள்.

மாஸ்டர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேருமே நகர்றீங்களோன்னு தோணுது. முடிச்சதும் அவங்கவங்க காலைப் பாருங்க."

"அவதான் சார் நகர்றா. எனக்குப் பார்வை நேரா இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்றாள் மூத்தவள். மாஸ்டர் அடுத்த ஜோடியிடம் போய்விட்டார். துணைத் தலைமை ஆசிரியையிடம் எவ்வளவுதான் பேச முடியும்?

வீட்டிலும் இதே கதைதான். ஹாலில் பழகும்போது மூத்தவள் சோபாவில் முழங்காலை இடித்துக்கொள்வாள். "சோபாவை யாரு நகர்த்தினது?" என்று ஒரு சத்தம் போடுவாள். இளையவள் எழுந்து வந்து சோபாவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுவாள்.

பரீட்சைக்கு முதல் நாள் மூத்தவள் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"நான் தனியா செஞ்சுக்கிறேன் சார். இவளோட ஜோடி போட்டா என் பெல்ட்டும் சேர்ந்து போயிடும்."

இளையவளின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம்க்கா. சேர்ந்தே செய்யலாம்க்கா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எதுக்கு? என் தோள்ல தொத்திக்கிட்டுக் கரையேறலாம்னு பாக்குறியா? நடக்காது. அவங்கவங்க லட்சணம் அவங்கவங்களுக்குத் தெரியட்டும்."

தெரிந்துவிடும் என்பதில் மூத்தவளுக்குப் பரம திருப்தி. கறுப்பு பெல்ட்டோடு படம் எடுத்து மாட்ட ஹால் சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கெடுபிடியான மனிதர். கூடத்தின் நடுவில் வெள்ளை டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டினார். ஆரம்பமும் முடிவும் அதன் மேல்தான் என்றார்.

"முதல்ல இந்த பூம்சேக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வகுப்பெடுத்துப் பழகிய குரல்.

"இதுல நம்ம கால் போற தடம் தரையில ஒரு எழுத்தா விழும் சார். கற்றறிந்தவர்னு அதுக்கு அர்த்தம். உடம்புல பலம் இருந்தாலும் அடக்கமா இருக்கணும். எங்க போனாலும் தன் நிலை எதுன்னு மறக்கக் கூடாது. அதான் ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வர்றோம்."

சொல்லும்போதே ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"பிரமாதம்," என்றார் தேர்வாளர்.

மூத்தவள் ஆரம்பித்தாள். குறை சொல்ல முடியாது, உதை ஒவ்வொன்றும் சாட்டை மாதிரி விழுந்தது. மாஸ்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை நேராக, முகத்தில் வெற்றிக் களையோடு, கடைசி அடியை எடுத்து வைத்து நின்றாள். காலுக்கடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது.

"அம்மா," என்றார் தேர்வாளர், "அது என் ஷூ."

மூத்தவள் முதல்முறையாகக் கீழே பார்த்தாள். செருப்பு வரிசைக்கு நடுவில் நின்றிருந்தாள். வெள்ளைக் குறி எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"இடது பக்கம் போற அடி எல்லாமே உங்களுக்கு நீளம். இத்தனை நாளா இது உங்களுக்குத் தெரியவே இல்லையா?" தேர்வாளருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அடுத்த பரீட்சைக்கு வாங்க."

அவமானத்தில் அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம். அடுத்து இளையவள். அவள் எந்த மூலைக்குப் போய் நிற்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

இளையவள் நிதானமாகச் செய்தாள். திரும்பினாள், உதைத்தாள், தடுத்தாள். வெள்ளைக் குறியின் மேல் வந்து அச்சுப் பிசகாமல் நின்றாள்.

புதுப் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளாமல் கையில் மடித்து வைத்தபடி இளையவள் செருப்பு மாட்ட வந்தபோது, மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"தனியா செஞ்சா இவ்வளவு சரியா வந்து நிக்கிறியே. என்கூட செய்யறப்ப மட்டும் தினமும் ஏன்டி இந்த மூலைக்கு வந்த?"

இளையவள் குனிந்து, மூத்தவளின் செருப்பை அவள் கால் பக்கமாக எடுத்து வைத்தாள்.

"நீங்க என் இடத்துக்கு வந்துக்கிட்டே இருப்பீங்களேக்கா. இடிச்சுட்டா உங்க பூம்சே பாதியில நின்னுடுமேன்னு, நான்தான் தள்ளித் தள்ளிப் போயிடுவேன்."